ரோட்டில் விரித்த உளுந்து

தவசி பதினோராவது கல்லை ரோட்டில் வைத்துவிட்டு, நாலெட்டு பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசை பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. கரிசல்காட்டில் கல் லேசில் அகப்படுகிற சரக்கு இல்லை. குரைக்கிற நாய்மேல் எறியக்கூட மண்கட்டிதான். இவை ஓடைப்பாலம் கட்ட வந்த காண்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போனவை. ஒவ்வொன்றும் பரங்கிக்காய் தண்டி இருக்கும். மற்றவர்கள் ரோட்டில் தானியம் காயப்போட்டால், வண்டி ஏறிவிடக் கூடாதே என்று தானியத்தைச் சுற்றிக் கல் வைப்பார்கள். தவசி உலகத்துக்கே தலைகீழ். ரோட்டின் இடது பாதியில் கணுக்கால் புதைய உளுந்தஞ்செடியை விரித்துவிட்டு, காலியாகக் கிடந்த வலது பாதியில் கல்லை அடுக்கினார். வருகிற வண்டி எந்த மகராசனுடையதாக இருந்தாலும், உளுந்துமேல் ஏறி, நெத்தை உடைத்து, மணியை உதிர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக முடியும். கூலி கிடையாது, டீசல் கிடையாது, ஒரு வாய் காப்பித்தண்ணி கொடுக்க வேண்டியதில்லை. இந்த யோசனை உதித்த அன்றைக்கு மனுஷர் மூன்று நாள் விடாமல் சிரித்தார் என்றும், நாலாம் நாள் தாடை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று என்றும் அவர் மனைவி பாலம்மாள் சொல்வாள்.

அந்த ரோட்டைக் காற்றில் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனி லாரிகளுக்காகப் போட்டது என்று ஊரில் பேச்சு. தவசி நம்பவில்லை. ஒன்றரை மைல் நீளத்துக்கு வளைவு நெளிவு இல்லாமல், தோசைக்கல் மாதிரி ஒரு ரோட்டை, சரியாகத் தன் புஞ்சை ஓரமாக அரசாங்கம் போடுகிறதென்றால் அது தனக்கான களமன்றி வேறென்ன? மாசி மாதம் பிறந்ததும் செடியைப் பிடுங்கி, காயவைத்து, ரோட்டில் பரத்திவிட்டு, கவைக்கம்பும் கையுமாகப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். போகிற வண்டிகளுக்கெல்லாம் அவரிடம் ஒரு தரவரிசை இருந்தது. பைக் என்பது வெள்ளாடு நடந்த மாதிரி, கணக்கிலேயே வராது. மினிபஸ் பரவாயில்லை. பள்ளிக்கூட வேன் நிறையப் பிள்ளைகளோடு வரும், ஆனால் பிள்ளைகள் எல்லாம் நோஞ்சான்கள், கனம் போதாது. சிலிண்டர் லாரி வந்தால் எழுந்து நின்று கும்பிடுவார். மாதம் ஒருதடவை காத்தாடி இறக்கையைச் சுமந்துகொண்டு நாற்பது சக்கரத்தோடு ஊர்ந்துவரும் லாரிக்குத் தேங்காய் உடைக்காததுதான் பாக்கி.

ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட வேன் இல்லை. மினிபஸ்காரன் போன வாரமே கல்லைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேறு பாதைக்கு மாறிவிட்டான். கதிரடிக்கிற மிஷின் குளத்தூர்ப் பக்கம் போயிருக்கிறது, வர நாலு நாள் ஆகும். தெற்கே வானம், தோட்டத்தில் எருமை படுத்த மாதிரி கறுத்துக் கிடந்தது. மூன்று ஏக்கர் உளுந்தும் ரோட்டில். காய்ந்த நெத்துமேல் ஒரு மழை விழுந்தால் போதும், நாளைக் காலையில் முளைவிட்டுச் சிரிக்கும். தவசி நொடிக்கொரு தரம் தெற்கே பார்த்தார். இருந்தாலும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஏனென்றால் பதினோரு மணிக்கு மருமகன் வருகிறான்.

மருமகன் என்றால் மருமகனின் கார். வெள்ளை நிறம், கோவில் யானையின் உயரம், ஏறுவதற்குத் தனியாகப் படி. ஓடைப்புஞ்சை இரண்டு ஏக்கரைச் சூரியத்தகடு பதிக்கிறவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, போன ஆவணியில் மகள் பிரேமாவின் கல்யாணத்துக்குத் தவசி வாங்கிக் கொடுத்தது. கல்யாணப் பந்தலில் வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிடக் காரைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஒரு கிழவி காருக்குத் திருநீறு பூசிவிட்டு, பிரேமாவுக்குப் பூச மறந்து போய்விட்டாள்.

மருமகன் இசக்கிராஜா கோவில்பட்டியில் இருந்துகொண்டு காத்தாடிக் கம்பெனிக்கு வேலையாட்கள் அனுப்புகிறவன். நல்ல பையன்தான், குடி கிடையாது, வெற்றிலை பாக்குக் கிடையாது. ஸ்டியரிங்கில் கை வைத்தால் மட்டும் அவனுக்கு ஏதோ இறங்கிவிடும். எத்தனை நிமிஷத்தில் வந்தீங்க மாப்பிள்ளை என்று கேட்டால், “கெளம்புனது ஞாபகம் இருக்கு மாமா, வந்தது ஞாபகம் இருக்கு, நடுவுல ஒண்ணும் இல்ல” என்பான். அவன் போகும்போது ரோட்டோரப் பனைகள் ஓரடி தள்ளி நின்றுகொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். நாய்கள் வாலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளும். வேகத்தடையைக் கண்டால், யாரோ தன்னை நடுரோட்டில் வைத்து அவமானப்படுத்திவிட்ட மாதிரி அவன் முகம் சிவந்துபோகும். போன மாதம் கடற்கரை என்கிற ஆட்டுக்காரரின் கிடாய்கள் இரண்டு குறுக்கே வந்து, வந்த சுவடே தெரியாமல் போயின. “ஆடுதான வேகமா வந்துச்சு, நான் நேராத்தான் போனேன்” என்றான். அந்தக் கிடாய் ஒன்றின் ஈரல் தவசி வீட்டுச் சட்டியில்தான் வறுபட்டது. மிளகு தூக்கலாக இருந்தது என்று தவசி நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரேமா வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் வந்துவிட்டாள். வீட்டு வாசலில் கார் நிற்க, பெண் பஸ்ஸில் வருவாளா என்று தவசி அப்போதே கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவள், ஈரம் துடைத்துவிட்டு அப்பா முன்னால் உள்ளங்கையை விரித்தாள். விரல் அடியில் வரிசையாக நாலு காய்ப்பு. மண்வெட்டி பிடித்த கையில் இருக்கும் காய்ப்பு அது. தவசி கையிலும் அப்படி நாலு இருந்தன.

“என்னட்டி இது, மாப்ள வீட்ல கெணறு வெட்டச் சொல்லுதாவளா?”

“கார்ல கதவுக்கு மேல ஒரு பிடி இருக்கும்லப்பா. அதப் புடிச்சிப் புடிச்சி வந்தது.”

தவசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏ பாலம்மா, இங்கன வந்து பாரு. உக்காந்த எடத்துலயே கை காச்சுப்போன மகராசி இந்த ஒலகத்துல உம்மவ ஒருத்திதான்!” என்று உருண்டு உருண்டு சிரித்தார்.

பிரேமா சிரிக்கவில்லை. “நெசமாத்தாம்ப்பா சொல்லுதேன். வண்டி எடுத்தாவன்னா எனக்கு ஈரக்கொல நடுங்குது. கண்ண மூடிக்கிட்டா, ‘பயமா இருக்கா’ன்னு கேட்டு இன்னும் அமுத்துதாவ. நான் சொன்னா கேக்க மாட்டாவ. கார் குடுத்தது நீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவியளால தட்ட முடியாது. மெதுவா ஓட்டுங்க மாப்ளன்னு ஒரே ஒரு வார்த்த.”

“இவ்வளவுதான? ஞாயித்துக்கெழம வாராவள்லா, சொல்லிப்புடுதேன்” என்றார் தவசி. சொல்லவும் நினைத்தார். அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேற்குக் கோடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தவசி துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் அது காராகி, உளுந்துமேல் ஏறி, தாண்டியும் போய்விட்டது. கல்யாண வாணவேடிக்கையில் ஆயிரம்வாலாவைக் கொளுத்திப் போட்ட மாதிரி நெத்து வெடித்தது. செடி ஆள் உயரத்துக்குப் பறந்து விழுந்தது. ஒரு நொடி காரின் பின்பக்கம், நடக்கிற எருமையின் பின்பக்கம் போல, இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடியது. தவசி அதையும் பார்த்தார். உதிர்ந்த உளுந்து தார்மேல் கிடந்தால் எப்படி வழுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? போன வருஷம் இதே இடத்தில் வேகமாக நடந்த பாலம்மாள் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, இன்றைக்கும் அது வளைந்துதான் இருக்கிறது. அதிலிருந்து தவசி உளுந்துமேல் பாதத்தைத் தூக்கி வைப்பதே இல்லை. தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார். ஆனால் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தபோது வேறு எல்லாம் மறந்துபோயிற்று. கார் போன தடத்தில் மட்டும் உளுந்து கறுகறுவென்று, மை பூசின கண்ணைப் போல மினுங்கியது. ஒரே மிதியில்!

கோழிக்குழம்பை இறக்கி மூடிவைத்துவிட்டுப் பாலம்மாளும் பிரேமாவும் ரோட்டுக்கு வந்திருந்தார்கள். இசக்கிராஜா காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

“என்ன மாமா, ரோட்டுக்கு மெத்த விரிச்சி வச்சிருக்கீய?”

“வாங்க மாப்ள, வாங்க. கோழி ஆறுறதுக்குள்ள ஒரு பன்னெண்டு நட போயிட்டு வந்திட்டீயன்னா என் உளுந்து வீடு சேந்துரும். மானம் வேற கறுத்துட்டு வருது.”

பிரேமா அப்பாவைப் பார்த்தாள். தவசி கண்ணாலேயே, இரு, சொல்லுதேன் என்றார். முதலில் உளுந்து, பிறகு வார்த்தை. இப்போது சொல்லி, மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? சாப்பிட்டுக் கை கழுவும்போது சொல்லிக்கொள்ளலாம். ஈரக்கையோடு இருக்கிறவனுக்கு அவ்வளவாகக் கோபம் வராது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

இசக்கிராஜாவுக்கும் சந்தோஷம்தான். மாமனார் ஒன்று கேட்டு அவன் செய்வது இதுதான் முதல் தடவை. “சரி, ஏறு பிரேமா” என்றான்.

“நான் அம்மா கூட இங்கனயே நிக்கேன்.”

“ஏறு புள்ள. அப்பாவுக்குத்தான ஓட்டுதேன்.”

அவள் நகரவில்லை. காருக்குப் பின்னால் எதை ஏற்றலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார் தவசி. ஏற்கெனவே ஒரு பருத்திவிதை மூட்டையை ஏற்றியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கனம் இருந்தால் நெத்து ஒன்றுகூடத் தப்பாது. அவர் பார்வை மகள்மேல் விழுந்தது.

“ஏறிக்கட்டி” என்றார். “நீயும் ஒக்காந்தா அம்பது கிலோ கூடும்லா.”

பாலம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும். ஆனால் மருமகன் நிற்கிறானே, வாயைத் திறக்கவில்லை. பிரேமா படியில் கால் வைத்து ஏறி, கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் இடது கை உயர்ந்து பிடியைப் பிடித்துக்கொண்டதைத் தவசி பார்த்தார்.

முதல் நாலைந்து நடை இசக்கிராஜா மெதுவாகத்தான் போனான். பின்னாலேயே தவசியும் பாலம்மாளும் கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டார்கள். இப்படி ஒரு சூடடிப்பைத் தவசி ஆயுசில் பார்த்ததில்லை. யானை கட்டிப் போரடித்தார்கள் என்று சொல்வார்கள். இது யானையிலும் உசத்தி, சாணி போடாது. அவருக்கு வாயெல்லாம் பல். அடுத்த வருஷம் மூன்று ஏக்கர் அல்ல, ஊரார் உளுந்தையெல்லாம் வாங்கி இந்த ரோட்டில் கொட்டி, மருமகனை மாசி மாதம் முழுக்க வீட்டோடு வைத்துக் கோழி அடித்துப் போட்டால் என்ன என்று ஓடியது எண்ணம்.

அப்போதுதான் கடற்கரை நாற்பது ஆடுகளோடு வந்து சேர்ந்தார். போன மாதம் வரை நாற்பத்திரண்டு. ரோட்டோரம் தொரட்டிக்கம்பை ஊன்றிக்கொண்டு, கார் ஊர்ந்து போவதை இரண்டு நடை பார்த்தார். மூன்றாவது நடையில் கார் பக்கத்தில் வந்ததும், “என்ன மாப்ள, செக்குமாடு மாதிரில்லா சுத்துதீய!” என்றார் சத்தமாக. “இந்த வேகத்துக்கு எங்கூட்டுக் கெழட்டு எரும போதுமே. நாந்தான் ஆளு தெரியாம இருந்துட்டேன். எங்கிடாய்க தூக்கத்துல நடந்துபோயி மோதிச் செத்திருக்கும் போல!”

பாலம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். இசக்கிராஜா காரை நிறுத்தினான். காது மடல் சிவந்திருந்தது. ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. அவன் கடற்கரையைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தான், கண்ணுக்கெட்டிய மட்டும் வளைவில்லாத ரோடு.

பிரேமா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். “யப்பா” என்றாள். “சொல்லுங்கப்பா.”

தவசி பக்கத்தில் போனார். கதவின்மேல் கை வைத்தார். இதுதான் நேரம் என்று அவருக்கும் தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மெதுவா போதும் மாப்ள, அவ பயப்படுதா. அவ்வளவுதான். வாயைத் திறந்தார். திறந்தபோது அவர் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. கொழுத்த சொட்டு, எட்டணா அகலம் இருக்கும். தவசி தெற்கே பார்த்தார். வானத்து எருமை எழுந்து நின்றுவிட்டது. மெதுவாகப் போனால் இன்னும் ஆறு நடைக்கு அரை மணி ஆகும். அரை மணியில் வானம் ரோட்டில் கிடக்கும்.

“கொஞ்சம் வெரசா போனீயன்னா மழைக்கு முன்ன முடிச்சிரலாம் மாப்ள” என்றார்.

இசக்கிராஜா சிரித்தான். கல்யாணமான இந்த ஆறு மாதத்தில் மாமனாரைப் பார்த்து அவன் அவ்வளவு அன்பாகச் சிரித்ததே இல்லை. “அப்படிச் சொல்லுங்க மாமா. நம்ம வீட்ல உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் வண்டியோட அரும தெரியுது.”

பிரேமா அப்பாவையே பார்த்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினாள். ஏறுகிற கண்ணாடி முதலில் அவள் வாயை மறைத்தது, பிறகு கண்ணை. கடைசியில் அதில் தவசியின் முகம்தான் தெரிந்தது.

கார் மேற்கே போய்ச் சிறுத்து, கோடியில் திரும்பியது. அங்கே ஒரு விநாடி நின்றதாகத் தவசிக்குத் தோன்றியது. பாலம்மாள் பக்கத்தில் வந்து, “கல்லயாவது எடுத்துப் போடுமே” என்றாள். நல்ல யோசனைதான். தவசி முதல் கல்லை நோக்கி இரண்டடி வைத்தார். காலுக்கடியில் உளுந்து உருண்டது. தேய்த்துத் தேய்த்து மூன்றாவது அடி வைப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது.

இந்தத் தடவை புள்ளி காராகிற வேலையெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கார்தான். கடற்கரை, “ஏலே, ஏலே, ஏலே” என்று யாரிடம் என்று தெரியாமல் கத்தினார். தவசி கவைக்கம்பை விட்டுவிட்டு இந்த ஓரத்தில் பாய்ந்தார், பாலம்மாள் எதிர் ஓரத்துப் புஞ்சையில் குதித்தாள். கார் உளுந்தில் நுழைந்தபோது மூன்று ஏக்கர் நெத்தும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்தது. பாதிவரை அம்பு மாதிரிதான் வந்தது. பிறகு பின்பக்கம் ஆடியது. இசக்கிராஜா பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். பின்னாலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் சக்கரம் தாரிலா இருந்தது? கோடிக்கணக்கான கரிய உருளைகள்மேல் இருந்தது. அத்தனை பெரிய வண்டி, கோவில் யானை உயர வண்டி, ஒரு சத்தமும் போடாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. வெண்ணெயில் கத்தி போகிற அழகு. அப்படியே வந்து, நூல் பிடித்து வைத்த வரிசையில் நாலாவது கல்லில் முன்சக்கரம் ஏறியது.

அதற்குப் பிறகு அது காராக இல்லை. வானத்தில் ஒரு வெள்ளை. அது ஒரு தடவை புரண்டதா இரண்டு தடவை புரண்டதா என்பதைக் கடற்கரை பின்னால் எத்தனை பேரிடம் சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகத்தான் சொன்னார். உழுது போட்டிருந்த கரிசலில் அது ஒருக்களித்து விழுந்தபோது பருத்திவிதை மூட்டை உடைந்து நாலாபக்கமும் தெறித்தது.

கடற்கரை கம்பைப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடினார். பாலம்மாள் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு புஞ்சை வழியாக ஓடினாள். அவளுக்கு மண் வாய்த்தது. தவசி ரோட்டின் மறுபக்கம் நின்றார். அவருக்கும் காருக்கும் நடுவே மூன்று ஏக்கர் உளுந்து. அவர் ஓட நினைத்தார். ஒரு கால் தூக்கி வைத்ததும் அது அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று, கையூன்றி எழுந்தார். மறுபடி ஒரு கால். மறுபடி விழுந்தார். கடைசியில், போன வருஷத்திலிருந்து பழகிய மாதிரி, பாதத்தைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து நடந்தார். பெண் எடுத்துக்கொண்டிருக்கிற மூச்சோ விட்டுவிட்ட மூச்சோ அந்தப் பக்கம் இருக்க, மனுஷர் பந்தியில் இலைக்கு இலை தாண்டுகிறவரைப் போல நிதானமாக வந்தார்.

நாற்பது ஆடுகளும் மேய்ப்பவனில்லாமல் ரோட்டில் ஏறி உளுந்தில் வாய் வைத்தன. “ஆட்ட ஓட்டுவே!” என்று தவசியின் வாய் தன்னால் கத்தியது. கத்திய பிறகுதான் அது தன் வாய் என்று அவருக்குத் தெரிந்தது. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. பார்வை காலடியிலேயே இருந்தது. ஒரு நெத்துகூட உடையாமல் இல்லை. மணி மணியாக, சுத்தமாக, அத்தனையும் உதிர்ந்திருந்தது. அதன்மேல் மழை இறங்கத் தொடங்கியது.

அவர் ரோட்டின் விளிம்புக்கு வந்தார். கீழே கரிசலில் கார் ஒருக்களித்துக் கிடக்க, மேலே வந்துவிட்ட முன்சக்கரம் எங்கேயோ போக வேண்டியிருப்பதைப் போல இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கடற்கரை கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பாலம்மாள் மகளின் பேரைச் சொல்லிக் கொண்டிருந்தாள், பேரை மட்டும், கேள்வியாக. உடைந்த கண்ணாடி வழியாக ஒரு கை தெரிந்தது. கதவுக்கு மேலிருக்கும் பிடியை நாலு விரலும் வளைத்துப் பிடித்திருந்தது. மழை அந்த விரல்கள்மேல் விழுந்து, முழங்கை வழியாக உள்ளே இறங்கியது. கடற்கரை விரலைப் பிரிக்கப் பார்த்தார். கை பிடியை விடவில்லை.